மெல்ல

நாலேகால் மணி அடித்த பிறகும்
பதினோரு பேர் பையை எடுப்பதில்லை.
ஒரு தாளில் அவர்கள் பெயர் இருக்கிறது.
தலைப்பு: மெல்லக் கற்போர், ஆங்கிலம், ஒன்பதாம் வகுப்பு.
எழுதியது நான்தான்.
மாவட்டத்திலிருந்து படிவம் வந்தது,
அன்றே நிரப்பிக் கேட்டார்கள்,
கையெழுத்துகூட அழகாக விழுந்தது.

பாடத்தில் ஒரு சிறுமி
பனியை உருட்டிப் பொம்மை செய்கிறாள்.
"பனிலயா மிஸ், பனியன்லயா?" என்றான் பூவரசன்.
வேலம்பாளையமே சிரித்தது.
சிரிப்பு அடங்கும்வரை புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆசிரியர் கையேட்டில் இதற்கு ஒன்றும் போடவில்லை.

மறுநாள் அவன் கொண்டுவந்தது
கம்பெனியில் கழித்துப் போட்ட லேபிள், ஒரு ரோல்.
பிரித்தால் மேசையிலிருந்து வாசல்வரை ஓடியது.
டு நாட் ப்ளீச்.
டு நாட் அயர்ன் ஆன் பிரிண்ட்.
கீப் அவே ஃப்ரம் ஃபயர்.
தடுக்காமல் வாசித்தார்கள்,
பனிப்பொம்மையின் முதல் பத்தியைத் தாண்ட முடியாமல்
ஒரு வாரமாக நின்றவர்கள்.

சந்தோஷம்தான். ஆனாலும் ஏதோ உறுத்தியது.
ஆர்டரோடு ஆர்டராக
இந்த ஊருக்கு வந்து இறங்குகிற இங்கிலீஷ்
அத்தனையும் உத்தரவு.
செய்யாதே. போடாதே. தள்ளி வை.
நான் என்று தொடங்குகிற வரி
அந்த ரோலில் ஒன்றுகூட இல்லை.

"சட்டைக்கு வாய் இருந்தால் என்ன சொல்லும்?
ஐ என்று தொடங்கி எழுதுங்கள்."

பத்து நிமிஷம் ஒரு பேனாவும் நகரவில்லை.
"ஐ டோன்ட் நோங்" என்றான் பூவரசன்.
அந்த ங்.
திருத்த வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன்.
அது இல்லாமல் பேசினால்
மிஸ்ஸை வா போ என்கிற மாதிரி இருக்குதுங்களாம்.
இங்கிலீஷில் அதற்கு இடமில்லை என்று சொல்லலாம்.
இடம் பண்ணிக்கொள்ளட்டுமே.
எனக்கே ஈரோட்டில், முதல் நேர்முகத்தில்,
பெயர் கேட்டதற்குத் தொண்டை அடைத்தது.
இன்றைக்கும் டவுன் பஸ்ஸில்
அன்றைய முதல் வாக்கியத்தை
உதட்டுக்குள் உருட்டியபடிதான் வருகிறேன்.

லிப்சா எழுதிவிட்டாள்.
ஐ ஆம் மேட் பை மை மதர்.

ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வருஷம்.
வீட்டுக்காரரிடம் தமிழ், சூப்பர்வைசரிடம் இந்தி,
ஞாயிற்றுக்கிழமை போனில் ஒடியா.
நாலாவது மொழியின் வாசலில் நிற்கிறவளைத்தான்
மெல்ல என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"பொய்யிங் மிஸ்," ரேஷ்மிதா எழுந்துவிட்டாள்.
"அவங்கம்மா பிசிர்தான் வெட்டறாங்க.
தெக்கறது எங்கம்மாங்."
சண்டை. இரண்டு பெஞ்சு இடம் மாறியது.
ஒருத்தியின் ஸ்கேல் உடைந்தது.
கடைசியில் லிப்சா ஒரு சொல்லை அடித்து,
எந்த அட்டைப்பெட்டியில் பார்த்தாளோ,
மேலே எழுதினாள்: ட்ரிம்ட்.
ரேஷ்மிதா தன் தாளில்: ஸ்டிச்ட்.

செயப்பாட்டு வினை.
அரையாண்டுத் தேர்வில் பதினோரு பேரும்
வெறுமையாக விட்டுவந்த கேள்வி.
அதன் பெயரை அவர்கள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

எல்லாரும் எழுதினார்கள் என்று சொல்ல ஆசை.
ஜீவிதனின் தாள் இன்றும் வெறும் தாள்.
அவன் வாசல்வரை போய், லேபிளைப்
பிசகாமல் சுருட்டி
ரோலாக்கித் தந்துவிட்டுப் போனான்.

ஆறு மணிக்குப் பூட்டைத் தேடும்போது
லிப்சா மேசையருகே நின்றாள்.
பட்டியல் கிடந்தது. படித்திருக்கிறாள்.
"மெல்லன்னா லேட்டாவா மிஸ், சத்தமில்லாமலா?"
இரண்டும்தான் என்றேன், முகம் பார்க்காமல்.
"இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் தனித்தனியா இருக்குதுங்களா?"
இருக்கிறது.
உள்ளங்கையை நீட்டினாள், பேனாவையும்.

முதல் சொல்லை எழுதப் போனேன்.
படிக்கட்டில் உட்கார்ந்து
கடலை மிட்டாயைக் கடவாய்க்கு மாற்றியபடி
பூவரசன் சொன்னான்:
"மூணுங் மிஸ்."